புறக்கோட்டைச் சந்துக்குள் அளந்து கொடுக்கும் ஒரு பழைய சாமான் கடை

கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு இலத்திரனியல் சாமான் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலானோர், கண்ணாடி அலுமாரி வைத்த முகப்புக் கடைகளில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே, பத்தடிக்கு எட்டடி இடத்தில் நடக்கும் பழைய சாமான் கடையொன்றைப் பற்றியே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்து முனையிலுள்ள தேநீர்க் கடையில், கழற்றிய போர்ட் விற்கும் நானாவிடம் போக வேண்டும் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். இரண்டு மாதங்களில் நான்கு முறை அங்கே போய் வந்திருக்கிறேன். அங்கே வாங்கிய சாமான்களைக் கொண்டு 12 வோல்ட்டில் இயங்கி, நுனியில் உயர் வோல்ட்டளவை உண்டாக்கும் ஒரு சிறிய டெஸ்லா சுருளைக் கட்டி முடித்தும் விட்டேன். அந்தச் சுருளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடையின் அருமையைச் சொல்ல முடியாது.

நான் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். மின்காந்தத் தூண்டலையும் பரிவையும் (இயல்பான வேகத்திலேயே தள்ளும்போது அலைவு பெருகுவது) கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும், கம்பி தொடாத ஒரு குழல்விளக்கு கண்ணெதிரே ஒளிர்வதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. 1891 மே மாதத்தில் நியூயோர்க்கின் கொலம்பியா கல்லூரியில் நிக்கோலா டெஸ்லா மின் பொறியியலாளர்கள் முன்னிலையில் செய்து காட்டியதும் இதைத்தான். இணைப்பே இல்லாத கண்ணாடிக் குழாய்கள் அவருடைய கையில் ஒளிர்ந்தன. அவர் தீப்பொறி இடைவெளியையும் கொள்ளளவியையும் (கெப்பாசிட்டர்) வைத்து உயர் வோல்ட்டளவில் செய்ததை, இன்று ஒரே ஒரு திரான்சிஸ்டரைக் கொண்டு மேசையில் செய்து பார்க்கலாம். ஸ்லேயர் எக்ஸைட்டர் என்று அழைக்கப்படும் இந்தச் சுற்று டெஸ்லாவின் மூலச் சுற்று அல்ல. ஆயினும் மெல்லிய கம்பியைப் பல நூறு முறை சுற்றிய துணைச் சுருளின் நுனியில் பரிவின் மூலம் வோல்ட்டளவை உயர்த்துவது இரண்டுக்கும் பொது.

பிள்ளைகள் வீட்டில் தாங்களாகவே திரும்பக் கட்டிப் பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். அதனால் இரண்டு நிபந்தனைகளை வைத்துக்கொண்டேன். சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள எந்தப் பாகத்தையும் திறக்கக் கூடாது. செலவு ஆயிரம் ரூபாவைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் உட்பட்டுப் பார்த்தால் கழற்றிய சாமானை விட வேறு வழி இல்லை.

முதலில் நான் போனது இந்தக் கடைக்கு அல்ல. வெளிச்சமான, விலைப்பட்டியல் ஒட்டிய வேறொரு கடையில், டி882 என்று எழுதிய புதிய திரான்சிஸ்டர் ஐந்தை முத்திரையிட்ட சிறு பையில் வாங்கி வந்தேன். கடையின் பெயரை எழுத விரும்பவில்லை; அவர்களும் யாரிடமோ மொத்தமாக வாங்கி விற்பவர்களே. வீட்டில் சுற்றை அமைத்து மின் கொடுத்தபோது எதுவும் நடக்கவில்லை. துணைச் சுருளில்தான் பிழை இருக்க வேண்டும் என்று எண்ணி, 400 சுற்றையும் அவிழ்த்து, இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவழித்து மீண்டும் சுற்றினேன். அப்போதும் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் அந்தச் சுருளையும் ஐந்து திரான்சிஸ்டர்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு புறக்கோட்டைக்கு வந்தேன். ஒரு மாணவனின் தகப்பனார்தான் இந்தச் சந்துக் கடையைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார்.

நானா என்னிடம் முதலில் கேட்டது என்ன வேண்டும் என்று அல்ல. "டீச்சர், கையில இருக்கிறத முதல்ல அளந்து பாப்பம்" என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அகலமுள்ள ஒரு டெஸ்டரை எடுத்தார். மூன்று கால்களையும் அதன் துளைகளில் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால், உள்ளே இருப்பது என்ன சாமான், எந்தக் கால் அடிவாய் (பேஸ்), எது சேகரிப்பான் (கலெக்டர்), எது காலி (எமிட்டர்), பெருக்கம் (சிறு ஓட்டத்தை எத்தனை மடங்காக்கும் என்பது) எவ்வளவு என்பதையெல்லாம் திரையில் படம் வரைந்து காட்டும் கருவி அது. என் ஐந்தில் இரண்டு, திரான்சிஸ்டராகவே தோன்றவில்லை; இரண்டு இருவாயிகளை (டயோட்) மட்டும் காட்டின. மற்றைய மூன்றும் 11, 12, 15 என்று பெருக்கம் காட்டின. டி882 என்றால் தரவுத்தாளின்படி குறைந்தது 60 காட்ட வேண்டும். பிறகு அவர் ஒரு தகரப் பெட்டிக்குள் கையை விட்டு, கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்த நான்கு டி882களை எடுத்து, ஒவ்வொன்றாக என் கண் முன்னாலேயே அதே கருவியில் வைத்தார். நான்கும் 170க்கும் 200க்கும் இடையில் நின்றன. ஒன்று 30 ரூபா.

இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அந்த மேசையில் நடந்ததுதான். கழற்றிய சாமான் என்றால் நம்ப முடியாது, பையில் வருவது நம்பகமானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போய் இருக்கிறது. ஒரு போர்ட்டில் பல வருடம் வேலை செய்து, கழற்றப்பட்டு, வாங்குபவரின் முன்னால் அளக்கப்பட்ட திரான்சிஸ்டரை விடச் சான்று கூடிய சாமான் வேறு கிடையாது. அளக்காமல் விற்கும் பழைய சாமான் கடைகளும் புறக்கோட்டையில் இருக்கின்றன. அவற்றில் வாங்குவது குருட்டு அதிர்ஷ்டம். இங்கே அளக்காமல் எதுவும் கைமாறுவதில்லை. தடையி (ரெசிஸ்டர்) ஒன்றைக் கேட்டாலும் மல்டிமீற்றரில் வைத்துத்தான் கொடுக்கிறார்.

அந்தத் திரான்சிஸ்டர்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். கடையின் இடப்பக்கச் சுவரோரம் கூடை கூடையாக அவசர விளக்குகளும் நுளம்பு மட்டைகளும் குவிந்து கிடந்தன. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது வீட்டுக்கு வீடு வாங்கிய விளக்குகளின் பற்றரிகள் இப்போது செத்துவிட்டன. போர்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. அதே வருடம் ரூபா சரிந்து, டொலர் 200இலிருந்து 360 அளவுக்குப் போனபோது புதிய சாமானின் விலையும் கூடவே ஏறியது. கழற்றிய சாமானுக்கு மதிப்பு வந்தது அந்த வருடம்தான் என்று நானா சொன்னார். அன்று இருட்டில் எரிந்த விளக்கின் திரான்சிஸ்டர்தான் இன்று என் மாணவர்களின் மேசையில் வேலை செய்கிறது என்பது எனக்கு மனநிறைவைத் தருகிறது.

நுளம்பு மட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இரண்டு சிறு பற்றரியில் ஓடுவதால் அதைத் தாழ் வோல்ட்டளவுச் சாதனம் என்று பலர் நினைக்கிறார்கள்; அதனுள்ளே இருக்கும் கொள்ளளவி ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் ஏற்றம் வைத்திருக்கக்கூடியது. நானா ஒரு மட்டையைத் திறக்கும்போது, பற்றரியைக் கழற்றிய பிறகும், பிடி காவலிட்ட திருகாணி முடுக்கியால் கொள்ளளவியின் இரண்டு கால்களையும் இணைத்தார். சடக் என்று ஒரு பொறி தெறித்தது. மின்வலையில் ஏதும் மிஞ்சவில்லை என்பதை மீற்றரில் பார்த்த பிறகே போர்ட்டைத் தொட்டார். பிள்ளைகள் மட்டையைத் தாங்களாகத் திறக்க வேண்டாம். போர்ட்டைக் கழற்றிய நிலையில் வாங்குவதே நல்லது.

எந்தத் திரான்சிஸ்டர் என்ற விடயத்தில் நானாவிடம் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பல சுற்றுப் படங்களில் டிப்31சி என்று போட்டிருப்பதால், அதையும் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டேன். "அது பெரிய கொயிலுக்கு, டீச்சர். உங்கட கொயில் சின்னது. சின்னதுக்கு இதுதான் ஓடும்" என்றார். அவர் அனுபவத்தில் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மில்லிமீற்றர் பீ.வீ.சி. குழாயில், 400 சுற்றுகள், 88 மில்லிமீற்றர் நீளம் என்றால் தூண்டற்றிறன் ஏறத்தாழ 1 மில்லிஹென்றி. சுருளின் சொந்தக் கொள்ளளவமும் உச்சியில் வைக்கும் பந்தின் கொள்ளளவமும் சேர்ந்து 3 முதல் 4 பிக்கோபரட். ஆகவே பரிவு மீடிறன் அண்ணளவாக 2.7 மெகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு இருபத்தேழு இலட்சம் அலைவுகள். டிப்31சியின் பெருக்கம் 1 ஆக விழுந்துவிடும் மீடிறன், தரவுத்தாள் உறுதி கூறும் அளவில் 3 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. அதாவது என் சுருளின் வேகத்தில் அது பெருக்கவே மாட்டாது. டி882க்கு அந்த எல்லை 90 மெகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது. சுற்றுகள் கூடிய, விட்டம் பெரிய சுருள் மெதுவாக அலைவதால் அதற்கு டிப்31சி பொருந்தும். இந்த எண்கள் எதையும் நானா சொல்லவில்லை. அவர் சொன்ன பதில் மட்டும் சரியாக இருந்தது.

கம்பி வாங்கியது இரண்டாம் முறை போனபோது. முதல் சுருளைப் பல முறை அவிழ்த்துச் சுற்றியதில் எனாமல் உரிந்திருந்தது. கழற்றிய மின்விசிறியின் சுருளை அவிழ்த்து எடுக்கலாம் என்று எண்ணிப் போயிருந்தேன். அதில் வார்னிஷ் ஊறி, கம்பி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், இழுத்தால் அறுந்துவிடும் என்று சொல்லி, மின்விசிறி கட்டும் இடங்களில் மிஞ்சிய கம்பிச் சுருணைகளைக் காட்டினார். அட்டையில் எழுதியிருந்த இலக்கம் அழிந்து போயிருந்தது. மைக்ரோமீற்றர் கடையில் இல்லை. அவர் கம்பியின் நுனியைப் பிடித்து, ஒரு பேனையின் மீது இடைவெளி விடாமல் 50 சுற்றுச் சுற்றி, இரும்பு அடிமட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தார். 11 மில்லிமீற்றர். ஆகவே எனாமலோடு சேர்த்து ஒரு கம்பியின் விட்டம் 0.22 மில்லிமீற்றர், இது மின்விசிறி கட்டுபவர்கள் 36ஆம் நம்பர் என்று சொல்லும் கம்பி. கூரிய பென்சிலால் ஒவ்வொரு சுற்றாக எண்ணிக் காட்டிய அந்த இரண்டு நிமிடத்தில், ஒரு செய்முறைப் பாடத்தையே நடத்தி முடித்தார். மறுவாரம் என் வகுப்பிலும் அதையே செய்வித்தேன்.

கம்பியை நிறுத்துத்தான் கொடுக்கிறார். 400 சுற்றுக்கு வேண்டிய நீளம் ஏறத்தாழ 32 மீற்றர். அதன் நிறை 10 கிராமுக்கும் குறைவு. அறுந்தால் மீண்டும் சுற்றவென்று 15 கிராம் எடுத்தேன். 150 ரூபா ஆனது. கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்: சுற்றி முடித்ததும் இரண்டு நுனியையும் சுரண்டி மீற்றரில் வைத்துப் பாருங்கள், 20 ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, மிகவும் குறைத்துக் காட்டினால் எனாமல் உரிந்து சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன. என் சுருள் 19 ஓம் காட்டியது.

மிச்சச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 22 கிலோஓம் தடையி ஒன்று, சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று, பழைய கணினிப் பவர் சப்ளையிலிருந்து வெட்டிய அலுமினிய வெப்பத் தகடு, இணைய ரவுட்டரோடு வந்து தனித்துப்போன 12 வோல்ட் 1 அம்பியர் அடாப்டர். அடாப்டரைத் திறக்கத் தேவையில்லை. உடல் வெடிக்காமல், வயர் உரியாமல் இருக்கிறதா என்று பார்த்து முழுதாகத்தான் வாங்க வேண்டும். அதையும் ஒரு பழைய கார் மின்குமிழைச் சுமையாகக் கொடுத்து, வோல்ட்டளவு விழுகிறதா என்று பார்த்த பிறகே தந்தார். முதன்மைச் சுருளுக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 வயரில் நான்கு சுற்றுப் போதும். பீ.வீ.சி. துண்டும், அலுமினியத் தாள் சுற்றிய மேசைப்பந்தும் வீட்டிலேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து 780 ரூபா செலவானது. முதல் கடையில் வீணான பணத்தை இதில் சேர்க்கவில்லை.

கட்டும் முறை இதுதான். துணைச் சுருளின் மேல் நுனி பந்தோடும், கீழ் நுனி திரான்சிஸ்டரின் அடிவாயோடும் சேர்கிறது. முதன்மைச் சுருள், 12 வோல்ட்டின் நேர்முனைக்கும் சேகரிப்பானுக்கும் இடையில் நிற்கிறது. தடையி நேர்முனையிலிருந்து அடிவாய்க்கு அரை மில்லிஅம்பியர் அளவில் ஓட்டத்தைக் கொடுத்துத் திரான்சிஸ்டரை எழுப்பிவிடுகிறது. எழும்பியதும் முதன்மைச் சுருளில் ஓட்டம் கூடுகிறது. அந்த மாற்றம் துணைச் சுருளில் தூண்டும் வோல்ட்டளவு அடிவாயைக் கீழே இழுத்துத் திரான்சிஸ்டரை அணைக்கிறது. துணைச் சுருள் தன் இயல்பான மீடிறனில் ஊசலாடித் திரும்பும்போது மறுபடி எழுப்புகிறது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளை திரும்பி வரும் கணத்தில் தள்ளிவிடுவது போல, சுருளே தனக்குரிய நேரத்தைத் திரான்சிஸ்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. எல்.ஈ.டி.யின் நேர்க்கால் பூச்சிய வோல்ட் பக்கமும் எதிர்க்கால் அடிவாய்ப் பக்கமும் இருக்க வேண்டும்; அடிவாய் மிகவும் கீழே போய்ப் பழுதாகாமல் அது காக்கிறது. அது ஒளிர்வதே அலைவு பிறந்துவிட்டது என்பதற்கும் அடையாளம்.

முதன்முறை மின் கொடுத்தபோது எல்.ஈ.டி. ஒளிரவில்லை. நானா முன்கூட்டியே சொல்லியிருந்தபடி, முதன்மைச் சுருளின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினேன். சுருளின் திசை பிழையாக இருந்தால், அணைக்க வேண்டிய இடத்தில் மேலும் எழுப்பிவிடும். அலைவு பிறக்காது, திரான்சிஸ்டர் சூடாகும். மாற்றியவுடன் எல்.ஈ.டி. பளிச்சென்று எரிந்தது. கடையில் இனாமாகக் கிடைத்த, அடியிலுள்ள போர்ட் கருகிப்போன சீ.எஃப்.எல். விளக்கின் கண்ணாடிக் குழாயைப் பக்கத்தில் கொண்டு போனேன். 10 சென்ரிமீற்றர் தூரத்திலேயே அது ஒளிரத் தொடங்கியது. மின்குமிழின் வழக்கமான வெள்ளொளி அல்ல. கையை நெருக்கினால் கூடி, விலக்கினால் குறையும் ஒரு மெல்லிய வெளிச்சம். பந்தை எடுத்துவிட்டு, மேல் நுனியைக் கூராக விட்டபோது, இருட்டில் அரிசி மணியளவு ஊதாச் சுடர் ஒன்று கம்பியின் முனையில் நின்றது. சன்னமாக ஒரு சீறல் கேட்டது. ஓசோன் மணம் வந்தது. 12 வோல்ட்டில் இதைவிடப் பெரிய பொறியை எதிர்பார்க்கக் கூடாது.

அன்றிரவு மின்விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் என்றாலும், விட்டு விட்டுத்தான். இரண்டு நிமிடத்தில் வெப்பத் தகடு விரல் வைக்க முடியாத அளவு சூடாகிவிடுகிறது. ஒரு நிமிடம் ஓடவிட்டு இரண்டு நிமிடம் ஆறவிட்டால் போதும்.

ஒரு திரான்சிஸ்டரை நானே கெடுத்துக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன். சுடரைப் பெரிதாக்கலாம் என்று மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜரை இணைத்தேன். டி882 தாங்குவது 30 வோல்ட். அலைவின்போது சேகரிப்பானின் வோல்ட்டளவு, கொடுக்கும் வோல்ட்டளவைப் போல இரு மடங்குக்கு மேலும் எழும்பக்கூடும். சில செக்கன்களில் அது செத்துவிட்டது. நான்கு வாங்கியது நல்லதாகப் போயிற்று. இதைக் கட்டுபவர்கள் 12 வோல்ட்டோடு நின்றுகொள்ளவும்.

கொடுக்கும் வோல்ட்டளவு தாழ்ந்ததுதானே என்று எண்ணி இந்தச் சுருளின் நுனியைத் தொடக் கூடாது. உயர் மீடிறன் என்பதால் அதிர்ச்சி உணரப்படாமலே தோல் வெண்புள்ளியாக எரிந்துவிடும். அந்தக் காயம் பார்வைக்குத் தெரிவதை விட ஆழமாக இருக்கும், ஆறவும் நாளெடுக்கும். இதயமுடுக்கி வைத்தவர்களும் செவிக்கருவி அணிந்தவர்களும் உள்ள இடத்தில் இதை ஓடவிடவே கூடாது. தொலைபேசியைத் தள்ளி வைக்கவும். பக்கத்திலுள்ள ரேடியோக்களில் இரைச்சல் வரக்கூடும் என்பதால், தொடர்மாடியில் குடியிருப்பவர்கள் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் இருப்பது அயலவருக்குச் செய்யும் மரியாதை. சீ.எஃப்.எல். குழாயில் பாதரசம் இருக்கிறது. அதை உடையாமல் கையாள வேண்டும், மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வாங்கக் கூடாது.

முதலாம் குறுக்குத் தெருவின் முகப்புக் கடைகளில் சுருள் சுற்றிய நிலையிலேயே பெட்டியில் வரும் டெஸ்லா தொகுப்புகளும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சக ஆசிரியர் ஒருவரிடம் பார்த்தேன். கூடிய வோல்ட்டில் ஓடுவதால் சுடர் பெரிது. பாட்டைச் செலுத்தினால் சுடரே பாடுகிறது. கண்காட்சிக்கு அது அழகுதான். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், 400 சுற்றையும் தன் கையால் எண்ணிச் சுற்றிய பிள்ளையும் பெட்டியைத் திறந்து ஈயம் வைத்த பிள்ளையும் ஒன்றல்ல என்பது என் தீர்மானமான கருத்து.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு கொடுப்பதில்லை, பாடசாலைப் பணத்தில் வாங்குபவர்களுக்கு இது சிரமம். நான் கேட்டதற்கு ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். எல்லாப் பாடசாலையிலும் அதை ஏற்பார்களா என்பது வேறு விடயம். விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை. முன்னாலேயே அளந்து கொடுப்பதால் அதில் நியாயம் இருக்கிறது. காற்றோட்டம் போதாது. ஈயப் புகையும் தூசும் சேர்ந்து, அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் தொண்டை கரகரக்கிறது. அங்கேயே நாள் முழுவதும் இருக்கும் நானாவுக்காகவாவது ஒரு சிறு மின்விசிறி வைத்துப் புகையை வெளியே தள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. படியின் கீழ் விட்டம் தாழ்வாக இருப்பதால் உயரமானவர்கள் தலையைக் குனிந்து போகவும். கொள்ளளவிகளில் மட்டும் அவர் கொடுப்பதை அப்படியே எடுக்க வேண்டாம் என்பேன். பழைய மின்பகுபொருள் கொள்ளளவிகள் கொள்ளளவத்தைச் சரியாகக் காட்டினாலும் உள்ளே காய்ந்து, உள்தடை கூடியிருக்கலாம். முதலில் வாங்கிய 470 மைக்ரோபரட் கொள்ளளவி சுருள் ஓடும்போது சூடானது. அடுத்த முறை போனபோது சொன்னேன். டெஸ்டரில் உள்தடையையும் பார்த்து வேறொன்று தந்தார், பணம் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நண்பகலில் கடை மூடியிருக்கும். பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு போகலாம். போயா நாளில் திறப்பதில்லை. சனிக்கிழமை காலை கூட்டம் அதிகம் என்பதால் அளந்து பார்க்கப் பொறுமையாக நேரம் கிடைக்காது. செவ்வாய், புதன் பிற்பகல்கள் நல்லவை. காலி வீதிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 100, 101 ஆகிய இரண்டு பஸ்களும் புறக்கோட்டைக்கு வருகின்றன. போகும்போது சுற்றுப் படத்தைத் தாளில் வரைந்து கொண்டு போகவும். தொலைபேசித் திரையில் காட்டுவதை விட அதை அவர் விரும்புகிறார், தேவையானால் பேனையால் திருத்தியும் கொடுக்கிறார். தடையி, இருவாயி என்று பாடப்புத்தகச் சொல்லில் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். ரெசிஸ்டர், டயோட் என்றால் கை உடனே பெட்டிக்குப் போகும்.

நான்காம் முறை போனபோது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துப் போனேன். ஒரு மாணவிக்குக் கிடைத்த திரான்சிஸ்டர் 140 காட்டியது, பக்கத்தில் நின்றவனுக்கு 190. ஏன் தனக்குக் குறைவு என்று அவள் கேட்டாள். நானா அவளுடையதை வாங்கி வைத்துவிட்டு, தகரப் பெட்டியை அவள் பக்கம் தள்ளி, டெஸ்டரையும் கையில் கொடுத்து, "நீங்களே தேடி எடுங்க மகள்" என்றார். பதினேழு திரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, எண்களைக் கொப்பியில் வரிசையாக எழுதி, கடைசியில் 212 காட்டிய ஒன்றை அவள் எடுத்தாள். மற்ற ஐந்து பேரும் தங்களுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டிக்காக வரிசையில் நின்றார்கள்.